ப்ராசஸின் மெய்நிகர் நினைவக அளவைக் கெர்னலிலிருந்து நிரல்களுக்குத் தருவது எப்படி?

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், அதாவது ஒரு ப்ராசஸ், தான் பிடித்து வைத்திருக்கும் நினைவகம் மொத்தம் எவ்வளவு என்று தானாகவே அறிந்துகொள்ள முடியாது. மல்லாக் (நிரல் நினைவகம் கேட்கும் சி மொழிச் செயற்கூறு) மூலம் கேட்டு வாங்கியதை வேண்டுமானால் அது எண்ணி வைத்திருக்கலாம். லைப்ரரிகள் ஏறியபோது சேர்ந்த பக்கங்கள் (கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் நிலையான அளவுள்ள துண்டுகள்), ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒதுக்கப்பட்ட ஸ்டாக், பின்னால் வரும் தேவைக்காக மல்லாக் முன்கூட்டியே வளைத்துப்போட்ட பகுதிகள் ஆகிய எதுவும் அந்த எண்ணிக்கையில் வராது. முழுக் கணக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது, பார்வைக்கு, ஒரு மாறியின் மதிப்பைத் திருப்பி அனுப்பும் ஒரு வரி வேலை. ஆனால் கெர்னலிலிருந்து ஒருமுறை வெளியே போன எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் வரை, அந்த எண் அதே பொருளில், அதே அலகில், அதே இடத்தில் வந்தாக வேண்டும். லினக்ஸின் /ப்ராக்/<எண்>/ஸ்டேட்எம் கோப்பில் ஏழு எண்கள் வருகின்றன; அவற்றில் ஐந்தாவதும் ஏழாவதும் 2.6 பதிப்பிலிருந்து எப்போதும் பூஜ்ஜியமே. அவற்றுக்கு இன்று எந்தப் பொருளும் இல்லை. இருந்தும் நீக்க முடியவில்லை, ஏனென்றால் நீக்கினால் ஆறாவது எண் ஐந்தாவது இடத்துக்கு நகர்ந்துவிடும். நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு வரிக்கும் இதே ஆயுள் உண்டு என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

கெர்னல் மூலநிரலில் உள்ள பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். மூலநிரலில் தேடும்போது அடிக்கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளில் தேடவும்.

முதலில் எண்ணின் பொருள்

மெய்நிகர் நினைவக அளவு என்பது ஒரு ப்ராசஸின் முகவரி வெளியில் (அது பயன்படுத்தக்கூடிய முகவரிகளின் முழுப் பரப்பில்) அதன் பெயருக்கு எழுதி வைக்கப்பட்ட பகுதிகளின் மொத்த நீளம். அந்த முகவரிகளுக்குப் பின்னால் உண்மையான ரேம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 64 பிட் லினக்ஸில் எம்மேப் (முகவரி வெளியில் புதிய பகுதி கேட்கும் அழைப்பு) மூலம் 1 கிபிபைட் கேட்டுவிட்டு அதைத் தொடாமல் விட்டால், பக்கம் 4096 பைட் ஆக இருக்கும் கணினியில் இந்த அளவு சரியாக 262144 பக்கங்கள் கூடும். ரேமில் தங்கியிருக்கும் அளவோ ஏறக்குறைய அசையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம் என்பதால், எந்தப் பெயரில் வெளியிடப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வெறுமனே 'நினைவகம்' என்று பெயரிட்டால், படிப்பவர் ரேம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அடுத்து, எவை கணக்கில் சேரும் என்று வரையறுக்க வேண்டும். படிக்கவோ எழுதவோ அனுமதி இல்லாமல் வெறும் இடம் பிடிப்பதற்காக மட்டும் வைத்த பகுதிகள் சேருமா? ஸ்டாக் எல்லை மீறினால் பிடிப்பதற்காக அதன் அடியில் வைக்கும் காவல் பக்கம் சேருமா? பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிப் பக்கங்கள் ஒவ்வொருவருக்கும் முழுதாக எண்ணப்படுமா? லினக்ஸ் இவை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. அதனால்தான் அட்ரஸ் சானிடைசர் (நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி) சேர்த்துத் தொகுத்த ஒரு சின்ன நிரல்கூடப் பல டெராபைட் அளவைக் காட்டுகிறது. அது தன் நிழல் நினைவகத்துக்காக (நிரலின் நினைவகத்தைப் பற்றிய குறிப்புகளை வைக்கும் இடத்துக்காக) முகவரி வெளியில் பெரிய பரப்பை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கிறது. த்ரெட்கள் மிகுந்த நிரல்களிலும் இதே கதைதான்: லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி, 64 பிட் கணினியில் மல்லாக்கின் ஒவ்வொரு கூடுதல் அரீனாவுக்கும் (த்ரெட்களுக்கான தனி நினைவகக் களத்துக்கும்) 64 மெபிபைட் முகவரியை வளைத்துப்போடுகிறது. விண்டோஸ் இதை வேறு விதமாகப் பிரிக்கிறது. அங்கே முகவரியை ஒதுக்குவதும் அதற்கு நினைவகத்தை உறுதி செய்வதும் தனித்தனி செயல்கள். ப்ராசஸ் நினைவக விவரம் தரும் வழக்கமான அழைப்பில் வரும் 'பேஜ்ஃபைல் யூசேஜ்' இரண்டாவதைத்தான் சொல்கிறது. லினக்ஸில் பார்த்த எண்ணை அங்கே தேடுபவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்.

உங்கள் வரையறை எதுவாக இருந்தாலும், அதை மூன்று நான்கு வாக்கியங்களில் எழுதி வையுங்கள். பின்னால் சோதனை எழுதும்போது அந்த வாக்கியங்களே அளவுகோல்.

சிறிய கெர்னலில் செய்து பார்ப்பது

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள எக்ஸ்வி6 நல்ல இடம். எம்ஐடியில் பாடத்துக்காக எழுதப்பட்ட இந்தச் சிறிய கெர்னலின் ரிஸ்க்-வி பதிப்பில், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உரிய ஸ்ட்ரக்டில் (சி மொழியின் தரவுத் தொகுப்பில்) 'எஸ்இசட்' என்ற 64 பிட் உறுப்பு ஒன்று இருக்கிறது. ப்ராசஸின் நினைவகம் எத்தனை பைட் என்பதை அது சொல்கிறது. நமக்கு வேண்டியது அதை வெளியே கொண்டுவரும் ஒரு சிஸ்டம் கால், அதாவது நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு.

சிஸ்கால்.எச் கோப்பின் இறுதியில் உள்ள எண்ணுக்கு அடுத்த எண்ணைப் புதிய அழைப்புக்குக் கொடுங்கள். கடைசி எண் 21 என்றால் உங்களுடையது 22. சிஸ்கால்.சி கோப்பில் அந்தச் செயற்கூற்றின் அறிவிப்பைச் சேர்த்து, அழைப்புகளின் அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே அதன் பெயரை எழுதுங்கள். சிஸ்ப்ராக்.சி கோப்பில் செயற்கூற்றை எழுதுங்கள்: அழைத்த ப்ராசஸைச் சுட்டும் 'மைப்ராக்' கொடுக்கும் பாயிண்டரிலிருந்து எஸ்இசட்டை எடுத்துத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. பயனர் பக்கத்தில், யூசிஸ்.பிஎல் கோப்பில் ஒரு நுழைவு வரியும், யூசர்.எச் கோப்பில் ஒரு அறிவிப்பும் சேர்க்க வேண்டும். இந்த அறிவிப்பில் திரும்பி வரும் வகையை 64 பிட் குறியற்ற எண்ணாக எழுதுங்கள். அந்தக் கோப்பில் சுற்றியுள்ள பெரும்பாலான அழைப்புகள் இன்ட் வகையைத் திருப்புவதால், பார்த்து எழுதும் பழக்கத்தில் கையும் அதையே எழுதிவிடும். எக்ஸ்வி6 ஓடும் சிறிய ரேமில் இந்தத் தவறு வெளியே தெரியாது. பெரிய கெர்னலில் 2 கிபிபைட்டைத் தாண்டிய அன்று எதிர்மறை எண்ணாகத் தெரியும்.

சோதனை நிரலில் அளவை அச்சிட்டு, நினைவக எல்லையை நீட்டும் எஸ்பிஆர்கே அழைப்பு மூலம் 8192 பைட் கேட்டு, மீண்டும் அச்சிட்டால் வித்தியாசம் 8192 வரும். இதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்ததாக ஒரே ஒரு பைட் கேட்டுப் பாருங்கள். அளவு 1 மட்டுமே கூடும். ஆனால் பக்கத்தின் விளிம்பில் நின்றுகொண்டு அந்த ஒரு பைட்டைக் கேட்டால், அதைத் தாங்க ஒரு முழுப் பக்கம், அதாவது 4096 பைட், தேவைப்படுகிறது. எஸ்இசட் என்பது ப்ராசஸ் கேட்ட எல்லை. பக்கங்களாகச் செலவாவது அதை மேல்நோக்கி முழுமையாக்கிய எண். உங்கள் அழைப்பு எதைச் சொல்ல வேண்டும்? நான் கேட்ட எல்லையை அப்படியே தருவேன், ஏனென்றால் முழுமையாக்குவதைப் பயனர் நிரலே செய்துகொள்ள முடியும். முழுமையாக்கிய எண்ணிலிருந்து பழைய எண்ணை மீட்க யாராலும் முடியாது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: முகவரி வெளியின் உச்சியில் இருக்கும் டிராம்போலின் பக்கமும் டிராப்ஃப்ரேம் பக்கமும் (கெர்னலுக்குள் போய்வர உதவும் இரண்டு பக்கங்கள்) இந்த எண்ணில் இல்லை, ஸ்டாக்கின் காவல் பக்கமோ இருக்கிறது. மேலே எழுதி வைக்கச் சொன்ன வரையறை இப்போதே பயன்படத் தொடங்கிவிட்டது.

தன் அளவைத் தானே கேட்பது இவ்வளவு எளிது. வேறொரு ப்ராசஸின் அளவைக் கேட்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. ப்ராசஸ் எண்ணை வாங்கி, அட்டவணையை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றின் பூட்டையும் (ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் தடுக்கும் ஏற்பாடு) பிடித்து, எண் பொருந்துகிறதா, இடம் உண்மையில் பயன்பாட்டில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்து, மதிப்பை ஒரு உள்ளூர் மாறியில் படித்துக்கொண்டு பூட்டை விட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ப்ராக்.எச் கோப்பில், எஸ்இசட் அந்தந்த ப்ராசஸுக்கே உரியது, அதைத் தொடப் பூட்டு தேவையில்லை என்று குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அதாவது சொந்தக்காரர் அதைப் பூட்டு இல்லாமலேயே மாற்றுவார். ஆகவே நீங்கள் பூட்டைப் பிடித்திருக்கும் அதே நொடியில், இன்னொரு சிபியுவில் அந்த ப்ராசஸ் தன் அளவைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். பூட்டு உங்களுக்குத் தருவது ஒன்றே ஒன்று: நீங்கள் படித்து முடிக்கும்வரை அந்த இடம் விடுவிக்கப்பட்டு வேறு ப்ராசஸுக்குப் போய்விடாது, ஏனென்றால் விடுவிக்கும் செயற்கூறு அதே பூட்டைக் கேட்கிறது. மதிப்பு பழையதாகவோ புதியதாகவோ இருக்கும். 64 பிட் கணினியில் ஒழுங்காக அமைந்த 64 பிட் எண் ஒரே எடுப்பில் படிக்கப்படுவதால் பாதி பழையது பாதி புதியது என்று வராது. 32 பிட் கெர்னலில் இதே நிரலை எழுதினால் அந்த உறுதி போய்விடும்.

பிழையைத் தெரிவிக்கும் முறையையும் இங்கேதான் தீர்மானிக்க வேண்டும். அப்படி ஒரு ப்ராசஸே இல்லை என்றால் −1 திருப்பலாம் என்று தோன்றும். அளவு குறியற்ற எண் என்பதால், −1 என்பது இருக்கக்கூடியதிலேயே மிகப் பெரிய அளவாகப் படிக்கப்படும். பூஜ்ஜியத்தைத் திருப்பலாமா என்றால், நினைவகமே இல்லாத ப்ராசஸும் முறையான ஒன்றுதான். எனவே மதிப்பைப் பயனர் தந்த முகவரியில் காப்பிஅவுட் (கெர்னலிலிருந்து பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்கும் செயற்கூறு) மூலம் எழுதிவிட்டு, திரும்பும் எண்ணை வெற்றி, தோல்விக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காப்பிஅவுட்டைப் பூட்டை விட்ட பிறகு அழையுங்கள். எக்ஸ்வி6-இல் வெய்ட் அழைப்பு (குழந்தை ப்ராசஸ் முடியக் காத்திருப்பது) பூட்டைப் பிடித்தபடியே நகலெடுப்பதைப் பார்த்து அதையே பின்பற்றத் தோன்றலாம். ஆனால் லினக்ஸில் பயனர் நினைவகத்தில் எழுதும்போது பக்கப் பிழை (பக்கம் ரேமில் இல்லாத நிலை) எழுந்து கெர்னல் தூங்கப் போகலாம், அதாவது காத்திருக்க நேரலாம். சுழல்பூட்டைப் (மற்றவரைச் சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டு தூங்குவது அங்கே பெரிய குற்றம். சிறிய கெர்னலில் ஏற்படும் பழக்கம் பெரிய கெர்னலுக்குக் கூடவே வரும்.

இறந்தும் பெற்றோரால் (தன்னைத் தோற்றுவித்த ப்ராசஸால்) எடுக்கப்படாத ஸாம்பி ப்ராசஸுக்கு என்ன பதில்? எக்ஸ்வி6-இல் பெற்றோர் வெய்ட் அழைக்கும் வரை பக்க அட்டவணையும் எஸ்இசட்டும் அப்படியே இருப்பதால், பழைய அளவைச் சொல்வது உண்மைக்கு மாறானதல்ல. லினக்ஸில் ப்ராசஸ் முடியும்போதே முகவரி வெளி கைவிடப்படுகிறது. அங்கே பதில் பூஜ்ஜியம்.

லினக்ஸில் அதே வேலை

லினக்ஸ் இதற்காகத் தனி சிஸ்டம் கால் வைக்கவில்லை. கெர்னலின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமை வழியாகத் தருகிறது. ஒவ்வொரு முகவரி வெளிக்கும் உரிய எம்எம்_ஸ்ட்ரக்டில் 'டோட்டல்_விஎம்' என்ற உறுப்பு, பக்கங்களின் எண்ணிக்கையாக இருக்கிறது. யாராவது கேட்கும்போது எல்லாப் பகுதிகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. எம்மேப், எம்அன்மேப், எம்ரீமேப், பிஆர்கே, ஸ்டாக் வளர்ச்சி ஆகிய ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கெர்னல் இந்த எண்ணைத் திருத்திக்கொண்டே வருகிறது, பெரும்பாலும் 'விஎம்_ஸ்டாட்_அக்கவுன்ட்' என்ற செயற்கூறு வழியாக. ஒரு ப்ராசஸ் தன்னை நகலெடுத்துக் குழந்தையை உருவாக்கும் ஃபோர்க்கில், குழந்தைக்குப் பெற்றோரின் எண் நகலாகிறது. ஆனால் குழந்தைக்குப் போகக் கூடாது என்று குறிக்கப்பட்ட பகுதிகள் கழிக்கப்படுகின்றன. உங்கள் சொந்தக் கெர்னலில் இப்படி ஓடும் கணக்கு வைத்தால், அளவை மாற்றும் எல்லாப் பாதைகளும் ஒரே செயற்கூறு வழியாகப் போகும்படி எழுதுங்கள். ஒரு பாதையை விட்டாலும் எண் மெல்லச் சாயும். சாய்ந்த எண் எங்கே சாய்ந்தது என்பதைச் சொல்லாது. இதே எண்ணைத்தான் முகவரி வெளிக்கான 'ஆர்லிமிட்_ஏஎஸ்' வரம்பைச் சோதிக்கவும் கெர்னல் பயன்படுத்துகிறது என்பதால், தவறு வெறும் காட்சிப் பிழையாக நிற்காமல், எம்மேப்பைக் காரணமில்லாமல் மறுப்பது வரை போகும்.

ப்ராக்கில் புதிய வரி ஒன்றைச் சேர்க்க விரும்பினால், பார்க்க வேண்டிய கோப்பு டாஸ்க்_எம்எம்யு.சி, ஸ்டேட்எம்முக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டேட்டஸ் கோப்பில் வரும் 'விஎம்' வரிகளை அச்சிடும் 'டாஸ்க்_மெம்' அங்கே இருக்கிறது. உங்கள் செயற்கூறு டாஸ்க்கிலிருந்து (ப்ராசஸைக் குறிக்கும் லினக்ஸ் ஸ்ட்ரக்டிலிருந்து) நேரடியாக எம்எம் பாயிண்டரை எடுத்துப் படிக்கக் கூடாது; படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ப்ராசஸ் முடிந்துபோகலாம். 'கெட்_டாஸ்க்_எம்எம்' மூலம் ஒரு பிடியை வாங்கி, அது நல்-ஆ (வெற்றுப் பாயிண்டரா) என்று சோதித்து, படித்து முடித்ததும் 'எம்எம்புட்' மூலம் விட வேண்டும். நல் வருவது அரிதல்ல: கெர்னல் த்ரெட்களுக்குப் பயனர் முகவரி வெளியே கிடையாது. எம்எம்புட் அழைக்கும்போது கடைசிப் பிடி உங்களுடையதாக இருந்தால், அந்த முகவரி வெளி முழுவதையும் பிரித்துப்போடும் வேலை உங்கள் தலையில் விழும், அப்போது தூங்கவும் நேரும்; ஆகவே சுழல்பூட்டுக்குள் அதை அழைக்காதீர்கள்.

உச்ச அளவைத் தரும் 'விஎம்பீக்' வரியில் ஒரு அழகான சிக்கனம் இருக்கிறது. கெர்னல் 'ஹைவாட்டர்_விஎம்' என்ற உச்சக் கணக்கை அளவு கூடும்போதெல்லாம் புதுப்பிப்பதில்லை. அளவு குறையப்போகும் தருணத்தில் மட்டுமே புதுப்பிக்கிறது. கூடிக்கொண்டே போகும்வரை நடப்பு அளவுதானே உச்சம்? எனவே உச்சத்தைப் படிப்பவர் இரண்டு எண்களையும் எடுத்து, பெரியதைச் சொல்ல வேண்டும். ஹைவாட்டர்_விஎம்மை மட்டும் அச்சிடும் கெர்னல் மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் துணை நிரல்), ஒருமுறையும் நினைவகத்தைத் திருப்பித் தராத ப்ராசஸுக்கு, நடப்பு அளவைவிடச் சிறிய உச்சத்தைக் காட்டும். அபத்தமான அந்த வெளியீட்டைப் பார்த்துக் கெர்னலில் பிழை என்று அறிக்கை எழுதுவதற்கு முன், மூலநிரலில் அந்த இடத்தில் உள்ள குறிப்பைப் படித்துவிடுவது மானத்தைக் காக்கும்.

புதிய எண் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பகுதிகள் ஒவ்வொன்றையும் நடந்து பார்க்க வேண்டியிருந்தால், உதாரணமாக அனுமதியே இல்லாத பகுதிகளின் மொத்தம் எவ்வளவு என்று சொல்ல விரும்பினால், அதை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். ஸ்டேட்டஸ், ஸ்டாட், ஸ்டேட்எம் ஆகிய கோப்புகளைக் கண்காணிப்புக் கருவிகள் ஓயாமல் படிக்கின்றன. எம்மேப் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பகுதிகளை நடப்பது, அளக்கப்படும் ப்ராசஸையே தாமதப்படுத்தும். விலை கூடிய கணக்குக்குத் தனிக் கோப்பு என்பதே லினக்ஸின் வழக்கம், எல்லாப் பகுதிகளின் கூட்டுக் கணக்கையும் தரும், 4.14 பதிப்பில் வந்த 'எஸ்மேப்ஸ்_ரோலப்' அதற்கு உதாரணம்.

அலகும் வடிவமும்

லினக்ஸ் இந்த ஒரே எண்ணை மூன்று இடங்களில் மூன்று அலகுகளில் தருகிறது: ஸ்டேட்எம்மில் பக்கங்களாக, ஸ்டாட் கோப்பின் 23-ஆவது புலத்தில் பைட்டுகளாக, ஸ்டேட்டஸில் 'கேபி' என்று எழுதப்பட்ட, உண்மையில் 1024 பைட் கொண்ட அலகுகளாக. ஸ்டேட்எம்மில் இப்படி ஒரு வரி வருவதாகக் கொள்வோம்:

1352 480 432 5 0 118 0

முதல் எண் மெய்நிகர் அளவு. பக்கம் 4096 பைட் என்றால் அது 5537792 பைட், ஸ்டேட்டஸில் 5408 கேபி. இதே 1352, 16 கிபிபைட் பக்கம் கொண்ட ஆர்ம் கணினியில் நான்கு மடங்கு நினைவகத்தைக் குறிக்கும். பக்கம் என்பது கெர்னலின் உள்விவகாரம். அதை வெளியே அனுப்பினால், பக்கத்தின் அளவைக் கேட்டறியும் கடமை ஒவ்வொரு நிரலுக்கும் வந்து சேர்கிறது, பலர் 4096-ஐ நேரடியாக எழுதிவிடுகிறார்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை: புதிதாகச் செய்பவர் பைட்டில், 64 பிட் குறியற்ற எண்ணாகத் தர வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியின் 'கின்ஃபோ_ப்ராக்' ஸ்ட்ரக்டில் மெய்நிகர் அளவு பைட்டிலும், அதற்கு அடுத்து வரும் ரேமில் தங்கிய அளவு பக்கங்களிலும் இருக்கின்றன. கெட்ஆர்யூசேஜ் தரும் உச்ச ரேம் அளவு லினக்ஸில் கிலோபைட்டிலும் மேக்ஓஎஸ்ஸில் பைட்டிலும் வருகிறது. இவற்றில் எதுவும் தவறில்லை, எல்லாமே ஆவணங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. இருந்தும் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் தினமும் இடறிக்கொண்டிருக்கிறார்.

உரைக் கோப்பா, ஸ்ட்ரக்டா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பெயரும் மதிப்புமாக வரும் உரை வரிகளில் புதிய வரியை எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம், தெரியாத வரியைத் தாண்டிப் போகும்படி வாசகர் எழுதியிருந்தால் போதும். வெறும் எண்களின் வரிசையில் கடைசியில் மட்டுமே சேர்க்க முடியும். ஸ்ட்ரக்டாகத் தருவதென்றால் அதன் நீளத்தையும் உடன் அனுப்பும் ஏற்பாட்டை முதல் நாளே வையுங்கள். விண்டோஸில் அழைப்பவர் தன் ஸ்ட்ரக்டின் நீளத்தைச் சொல்ல வேண்டும். மேக்ஓஎஸ்ஸின் 'டாஸ்க்_இன்ஃபோ' அளவெண் ஒன்றை வாங்கி, நிரப்பியது எவ்வளவு என்று திருப்பித் தருகிறது. ஃப்ரீபிஎஸ்டி ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பே அதன் நீளம்தான்.

யார் பார்க்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொத்த அளவு பெரிய ரகசியம் அல்ல. லினக்ஸ் ஸ்டேட்எம்மை எல்லோரும் படிக்க விடுகிறது. முகவரிகள் ரகசியம்: எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் முகவரிகளைக் கலைத்துப்போடும் பாதுகாப்பு வீணாகும். அதனால் பகுதிகளின் முகவரிகளைப் பட்டியலிடும் மேப்ஸ், எஸ்மேப்ஸ் ஆகிய கோப்புகளைப் படிக்கப் பீட்ரேஸ் (இன்னொரு ப்ராசஸை உள்ளே புகுந்து ஆராயும் அழைப்பு) அளவிலான அனுமதி வேண்டும். அளவைத் தரும் கோப்பில் வசதிக்காக ஒரு தொடக்க முகவரியையும் சேர்த்துவிடலாமே என்ற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பிறருடைய ப்ராசஸ்கள் கண்ணிலேயே படக்கூடாது என்று விரும்பும் நிர்வாகிக்கு 3.3 பதிப்பிலிருந்து 'ஹைட்பிட்' என்ற மவுன்ட் விருப்பம் இருக்கிறது.

வாங்கிப் படிக்கும் பக்கம்

கெர்னலில் எழுதுபவர் வாசகரின் இடத்திலும் நின்று பார்க்க வேண்டும் என்பதை நான் ஒரு வரைபடத்திலிருந்து கற்றேன். சேவை ஒன்றின் நினைவகத்தைக் கண்காணிக்க ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி, ஸ்டாட் கோப்பின் வரியை இடைவெளிகளில் உடைத்து, 23-ஆவது துண்டை எடுத்துப் படம் வரைந்தேன். பல வாரங்கள் சரியாக ஓடியது. பிறகு ஒருவர் அந்தச் சேவையின் முதன்மை த்ரெட்டுக்கு இடைவெளி உள்ள பெயர் ஒன்றை வைத்தார். அன்று முதல் வரைபடம் வினோதமாக நடந்துகொண்டது: சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது கோடு நேர்கோடாக இருந்தது, மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் முன்னைவிட உயரத்தில் தொடங்கியது. மறுதொடக்கத்தில் நினைவகம் கசிகிறது என்று இரண்டு நாள் தேடினேன். பெயர் இரண்டு துண்டாகிப் புலங்கள் ஒன்று நகர்ந்ததால், நான் வரைந்துகொண்டிருந்தது 22-ஆவது புலத்தை, அதாவது கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை டிக் (கடிகாரத் துடிப்பு) கழித்து அந்த ப்ராசஸ் பிறந்தது என்ற எண்ணை. அந்தக் கோப்பில் பெயர் அடைப்புக்குறிக்குள் வருகிறது, பெயருக்குள்ளேயும் அடைப்புக்குறி வரலாம்; ஆகவே கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்குப் பின்னிருந்துதான் எண்ண வேண்டும். பயனர் வைக்கும் பெயரை எண்களின் நடுவே வைத்தது அந்த வடிவத்தின் குறை. உங்கள் வடிவத்தில் அதைச் செய்யாதீர்கள்.

தன் அளவை மட்டும் அறிய விரும்பும் நிரலுக்கு, படிப்பவரையே குறிக்கும் /ப்ராக்/செல்ஃப்/ஸ்டேட்எம் போதும். அடிக்கடி படிப்பதென்றால், கோப்பை ஒருமுறை திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து பிரீட் (குறிப்பிட்ட இடத்திலிருந்து படிக்கும் அழைப்பு) செய்யலாம். படிக்கும்தோறும் கெர்னல் புதிய மதிப்பையே தரும். பிற ப்ராசஸைக் கண்காணிப்பவருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. திறந்த கோப்பு அந்தக் குறிப்பிட்ட ப்ராசஸோடு கட்டுண்டது. அது இறந்து அதே எண் வேறு ப்ராசஸுக்குப் போனாலும், பழைய கோப்பைப் படித்தால் 'அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை' என்ற பிழைதான் வரும். எண்ணை வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஸ்டேட்டஸைப் படிப்பவர், கெர்னல் த்ரெட்களுக்கும் ஸாம்பிகளுக்கும் மெய்நிகர் அளவைச் சொல்லும் 'விஎம்சைஸ்' வரியே வராது என்பதை எதிர்பார்த்து எழுத வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது

சோதனை நிரலில் அளவைப் படித்து, அனுமதி எதுவும் இல்லாமல் 1 கிபிபைட் எம்மேப் செய்து, மீண்டும் படியுங்கள். 262144 வர வேண்டிய இடத்தில் 262177 வந்தால் பதற வேண்டாம். கூடுதலாக உள்ள 33 பக்கம் என்பது 132 கிபிபைட். முதல் அளவைப் படித்த பிறகு நிகழ்ந்த முதல் ப்ரின்ட்எஃப் தன் இடையகத்துக்காக மல்லாக்கை அழைத்தது, மல்லாக் ஹீப்பைத் (தான் பங்கிட்டுத் தரும் நினைவகப் பகுதியை) தொடங்கியது. அளவிடும் செயலே அளவை மாற்றிவிட்டது. ஒரு வெள்ளோட்டமாகப் படித்து அச்சிட்டுவிட்டுப் பிறகு உண்மையான அளவீட்டைத் தொடங்குங்கள்.

அடுத்து, ஒதுக்கிய பகுதியின் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எம்அன்மேப் செய்து (திருப்பிக் கொடுத்து), அந்தத் துண்டின் அளவுதான் குறைகிறதா என்று பாருங்கள். ஓடும் கணக்கு வைக்கும் கெர்னல்களில் முதலில் தவறுவது இந்தப் பாதைதான். எழுதி நிரப்பிய பகுதியை மேட்வைஸ் மூலம் 'இனித் தேவையில்லை' என்று சொன்னால், ரேமில் தங்கிய அளவு விழ வேண்டும், மெய்நிகர் அளவு அப்படியே நிற்க வேண்டும். ஃபோர்க்குக்குப் பின் குழந்தையின் அளவு, ப்ராசஸில் வேறு நிரலை ஏற்றும் எக்ஸெக்குக்குப் பின் புதிய அளவு, ஆர்லிமிட்_ஏஎஸ் வரம்பை ஒரு பக்கம் குறைத்து வைத்தால் எம்மேப் மறுக்கப்படுகிறதா என்பது ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, மேப்ஸ் கோப்பில் உள்ள எல்லா வரிகளின் நீளத்தையும் கூட்டி, விஎம்சைஸோடு ஒப்பிடுங்கள். x86 கட்டமைப்பின் 64 பிட் லினக்ஸில் கூட்டுத்தொகை பல நேரம் சரியாக 4 கிபிபைட் அதிகமாக வரும். சோதனையில் 'சிறு வித்தியாசம் பரவாயில்லை' என்று ஒரு சலுகை வைத்துக் கடந்துபோகத் தோன்றும். அந்தச் சலுகைக்குள் நாளை ஒரு உண்மையான பிழை ஒளிந்துகொள்ளும். மேப்ஸின் கடைசி வரியைப் பாருங்கள்: அங்கே 'விசிஸ்கால்' என்று ஒரு பக்கம் இருக்கும். அது எந்த ப்ராசஸின் எம்எம்_ஸ்ட்ரக்டுக்கும் சொந்தமில்லாத, காட்சிக்காக மட்டும் சேர்க்கப்படும் பகுதி. அந்த வரியைப் பெயர் சொல்லி விலக்கிவிட்டு, மிச்சத்தில் வித்தியாசம் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.